கடலோரப் பள்ளியில் ஜப்பானிய வகுப்பு: ஒரே அறையில் மூன்று நிலைப் பிள்ளைகளை வைத்து நடத்துவது எப்படி?

மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம், கீழக்கரை, தொண்டி என்று நம் கரையோர ஊர்களில் மேல்நிலைப் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஜப்பானிய மொழி சொல்லிக்கொடுக்க நினைக்கிறீர்களா? அப்படியானால் இது உங்களுக்குத்தான். சென்னையில் இதற்கென்றே நிறுவனங்கள் இருக்கின்றன. ஒரு நிலைக்கு ஒரு அறை, ஒரு அறைக்கு ஒரு ஆசிரியர். இங்கே ஆசிரியரும் ஒருவர், அறையும் ஒன்று. எதிரே ஒன்பதாவது படிக்கும் பெண், பிளஸ் ஒன் பையன், போன வருஷமே எழுத்து முடித்தவர், நேற்று வந்து சேர்ந்தவர் எல்லாரும் கலந்து உட்கார்ந்திருப்பார்கள். இந்த நிலைமைக்கு ஏற்ற குறிப்பு எதுவும் எனக்குக் கிடைக்கவில்லை. முட்டி மோதித்தான் வழி தெரிந்தது. அடுத்து வருகிறவர்களாவது அலையாமல் இருக்கட்டும்.

ஜேஎல்பிடி என்கிற ஜப்பானிய மொழித் திறன் தேர்வில் ஐந்து நிலைகள். என்5 அடிமட்டம், என்1 உச்சம். பள்ளி வகுப்பில் நாம் புழங்கப்போவது என்5, என்4. அபூர்வமாக ஒருவர் என்3 தொடுவார்.

1. முதலில் உங்கள் கையில் என்ன இருக்கிறது?

என்5 முடித்த கையோடு என்5 நடத்தலாமா என்று கேட்பவர்கள் உண்டு. வேண்டாம். பிள்ளைகள் கேட்கும் இரண்டாவது கேள்வியிலேயே மாட்டிக்கொள்வீர்கள். என்3 சான்றிதழ் இருந்தால் தாராளமாக இறங்கலாம். என்4 மட்டும் இருந்தால் எழுத்துப் பயிற்சியோடு நிறுத்திக்கொண்டு, நீங்களும் கூடவே படியுங்கள். ஜப்பான் அரசு சார்ந்த மொழி, பண்பாட்டு அமைப்பான ஜப்பான் அறக்கட்டளையின் (ஜப்பான் ஃபவுண்டேஷன்) புதுதில்லி அலுவலகம் ஆசிரியர்களுக்குப் பயிற்சி நடத்துகிறது. அந்த அறிவிப்புகளை அவ்வப்போது பார்த்துவாருங்கள்.

2. அனுமதி: கடிதத்தில் என்ன எழுதுகிறீர்கள் என்பதில்தான் இருக்கிறது

தமிழக அரசுப் பள்ளிகளில் இருமொழிக் கொள்கை. ஜப்பானிய மொழிக்குப் பாடவேளை கேட்டு எழுதினால் தலைமை ஆசிரியர் அதை மேலே அனுப்புவார், மேலே இருப்பவர் இன்னும் மேலே அனுப்புவார். "பள்ளி நேரம் முடிந்தபின் விருப்பமுள்ள மாணவர்களுக்குக் கட்டணமில்லாப் பயிற்சி" என்று எழுதுங்கள். நடப்பதும் அதுதான். உதவி பெறும் பள்ளி என்றால் தாளாளரைப் பார்க்க வேண்டும். சிபிஎஸ்இ பள்ளிகளின் கதை வேறு. அங்கே ஜப்பானிய மொழியை முறையான பாடமாகவே எடுக்க முடியும், ஆசிரியர் நியமனமும் அதற்கேற்ப நடக்கும்.

கடிதத்தோடு இவற்றை ஒரே கோப்பில் வைத்துக் கொடுங்கள்:

- ஆதார் நகல், கல்விச் சான்றுகளின் நகல், ஜேஎல்பிடி சான்றிதழ் நகல்
- போலீஸ் சரிபார்ப்புச் சான்று
- எந்த நாள், எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, எந்த அறை என்ற விவரம்
- எந்தெந்த மாதத்தில் என்ன பாடம் என்று ஒரு பக்க அட்டவணை
- பெற்றோர் கையெழுத்திடும் ஒப்புதல் படிவத்தின் மாதிரி

இதில் போலீஸ் சரிபார்ப்பை முதலில் தொடங்குங்கள். மற்றதெல்லாம் ஒரு நாள் வேலை, இதற்கு நாள் பிடிக்கும். வெளியாளை வளாகத்துக்குள் விடுவதில் பள்ளிகள் இப்போது மிகவும் உஷாராக இருக்கின்றன. அது நியாயமும்கூட. வகுப்பு நேரம் முழுக்கப் பள்ளி ஆசிரியர் ஒருவர் வளாகத்தில் இருக்க வேண்டும் என்று நீங்களே கேட்டு வாங்குங்கள். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் தீர்மானமாகப் பதிவு செய்துவிட்டால் தலைமை ஆசிரியர் மாறிப்போனாலும் வகுப்பு நிற்காது. எங்கள் கடிதம் ஒரு அலுவலகத்தில் கேட்பாரற்றுக் கிடந்தபோது கைகொடுத்தது இந்தத் தீர்மானம்தான். கொடுக்கும் ஒவ்வொரு தாளுக்கும் நகலில் தேதியோடு முத்திரை வாங்கிவிடுங்கள். "அனுப்பிவிட்டோம்" என்று வாயால் சொல்வதை நம்பி வீட்டுக்குப் போகாதீர்கள்.

3. தேதிகளைப் பின்னாலிருந்து எண்ணுங்கள்

ஜேஎல்பிடி வருஷத்தில் இரண்டு முறை: ஜூலை முதல் ஞாயிறு, டிசம்பர் முதல் ஞாயிறு. நம் பிள்ளைகளுக்கு டிசம்பர் ஒத்துவராது. அரையாண்டுத் தேர்வு நெருங்கியிருக்கும், பிளஸ் டூ பிள்ளைகளின் தலையில் பொதுத்தேர்வு உட்கார்ந்திருக்கும், வானமும் கொட்டிக்கொண்டிருக்கும். ஜூலையைக் குறிவையுங்கள்.

பழைய தேர்வு முறையின் நான்காம் நிலைக்கு, அதாவது இன்றைய என்5-க்குச் சமமானதற்கு, 150 மணி நேரப் படிப்பு, 800 சொல், 100 கான்ஜி (சீனத்திலிருந்து வந்த சித்திர எழுத்து) என்று ஓர் அளவு சொல்வார்கள். இப்போது அப்படி அதிகாரபூர்வப் பட்டியல் எதுவும் வெளியிடுவதில்லை என்றாலும் திட்டமிட இது போதும். வாரம் மூன்று நாள், நாளுக்கு ஒன்றேகால் மணி என்றால் 150 மணிக்கு 40 வாரம் ஆகும். ஜூனில் தொடங்கினால் காலாண்டு, அரையாண்டு, பொங்கல் எல்லாம் போக அடுத்த வருஷ ஜூலைக்குத்தான் பிள்ளை தயாராகும். ஆறு மாதத்தில் என்5 என்று பெற்றோரிடம் வாய்விடாதீர்கள்.

எந்தக் கிழமை என்பதை ஊரைப் பார்த்து முடிவுசெய்யுங்கள். ராமேஸ்வரத்தில் விசைப்படகுகள் திங்கள், புதன், சனி கடலுக்குப் போகும். மறுநாள் விடியலில் படகு கரை பிடிக்கும்போது பையன்கள் பாதிப்பேர் படகுத்துறையில் நிற்பார்கள். அன்று சாயங்காலம் புது இலக்கணம் எடுத்தால் தூங்கி வழிவார்கள். கீழக்கரை, ஏர்வாடிப் பக்கம் வெள்ளிக்கிழமையைத் தவிருங்கள். தங்கச்சிமடம், பாம்பனில் ஞாயிறு காலை தேவாலயத்துக்குப் போகும் நேரம், அதில் கைவைக்காதீர்கள். எங்கே நடத்தினாலும் பெண் பிள்ளைகளின் டவுன் பஸ் நேரம் பார்த்து வகுப்பை முடியுங்கள். நாலேகாலுக்குத் தொடங்கி ஐந்தரைக்கு விட்டால் யார் வீட்டிலும் கேள்வி வராது.

4. எந்த வகுப்பு என்று பார்க்காதீர்கள், என்ன வாசிக்கிறார் என்று பாருங்கள்

பிளஸ் ஒன் பிள்ளைகளை ஒரு குழுவாகவும் ஒன்பதாவதை ஒரு குழுவாகவும் பிரிக்கத்தான் பள்ளி சொல்லும். ஒத்துக்கொள்ளாதீர்கள். சேரும் அன்றே ஒவ்வொருவரையும் தனியாக ஐந்து நிமிஷம் உட்காரவைத்து மூன்று வேலை கொடுங்கள். ஜப்பானியத்தின் அடிப்படை ஒலியெழுத்தான ஹிரகானாவில் பத்து எழுத்துகளை வாசிக்கச் சொல்லுங்கள். பெயரையும் ஊரையும் ஜப்பானியத்தில் கேளுங்கள். ஒரு படத்தைக் காட்டி ஒரு வாக்கியம் எழுதச் சொல்லுங்கள். அதை வைத்து மூன்று வரிசை:

*எழுத்து வரிசை:* ஹிரகானா 46, வெளிநாட்டுச் சொல்லையும் பெயரையும் எழுதும் கதகானா 46 இன்னும் கைவராதவர்கள். *வாக்கிய வரிசை:* வாசிக்கத் தெரியும், வாக்கியம் கட்டிக்கொண்டிருப்பவர்கள். *தேர்வு வரிசை:* அடுத்த ஜூலையில் என்5 அல்லது என்4 எழுதப்போகிறவர்கள்.

எந்த வரிசையிலும் அடங்காத ஒரு ரகம் வரும். அனிமே என்கிற ஜப்பானியக் கார்ட்டூன் பார்த்தே வளர்ந்தவர். காதால் கேட்டால் பாதி புரியும், ஒரு எழுத்து வாசிக்கத் தெரியாது. வாயைத் திறந்தால் "ஒரெ" (நான்), "ஒமாஏ" (நீ) என்று அடியாள் பாஷை. அவரை எழுத்து வரிசையில் போட்டால் ஒரு வாரத்தில் நின்றுவிடுவார். கேட்டல் பயிற்சிக்கு மட்டும் வாக்கிய வரிசையோடு உட்காரவையுங்கள், எழுத்துக்கு முதல் வரிசை. "தேஸ்", "மாஸ்" போட்டுப் பேசும் மரியாதை நடையில்தான் வகுப்பு நடக்கும் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். ஹெட்மாஸ்டரிடம் "டேய்" என்று பேசுவாயா என்று கேட்டால் போதும், புரிந்துகொள்வார்.

இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வரிசையை மாற்றிப் பாருங்கள். கீழே இறக்குவதற்குத் தயங்க வேண்டாம். ஆனால் எல்லார் முன்னாலும் அறிவிக்காதீர்கள்.

5. எழுபத்தைந்து நிமிஷத்தை எப்படிப் பங்கு போடுவது?

முதல் 15 நிமிஷம் எல்லாருக்கும் பொது: வணக்கம், தேதி, கிழமை, ஒரு சின்ன உரையாடல் கேட்பது. ஒரே ஒலிப்பதிவு, மூன்று கேள்வி. எழுத்து வரிசைக்கு "எத்தனை பேர் பேசினார்கள்?", வாக்கிய வரிசைக்கு "எங்கே போகிறார்கள்?", தேர்வு வரிசைக்கு "ஏன் போகவில்லை?" இப்படிச் செய்தால் ஒரு பாடத்துக்கு மூன்று தயாரிப்பு தேவைப்படாது.

பிறகு 20, 20, 20. எந்த வரிசையோடு நீங்கள் உட்கார்கிறீர்களோ அதைத் தவிர மற்ற இரண்டுக்கும் கையில் வேலை இருக்க வேண்டும். பேனா ஓடும் வேலையாக இருக்கட்டும். "வாசித்துக்கொண்டிரு" என்றால் அரட்டைதான்.

பெரிய பிள்ளைகளை வைத்துச் சின்னவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் ஆசை வரும். வகுப்புக்குப் பத்து நிமிஷம் எழுத்துச் சோதனை வைக்கச் சொல்லலாம், அவ்வளவுதான். அதற்கு மேல் போனால் தேர்வு வரிசைப் பிள்ளை சட்டாம்பிள்ளையாகிவிடும், அதன் படிப்பு அங்கேயே நின்றுபோகும்.

6. ஆங்கிலத்தைச் சுற்றிக்கொண்டு போகாதீர்கள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள். கிடைக்கும் விளக்கப் புத்தகங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருப்பதால் நாமும் ஆங்கிலம் வழியாகவே விளக்கிப் பழகிவிட்டோம். தமிழ் வழியில் படிக்கும் பிள்ளைக்கு அது இரட்டைச் சுமை. ஜப்பானிய வாக்கியம் தமிழ் வாக்கியத்தின் வரிசையில்தான் போகிறது. வினை கடைசியில் வரும், உருபு சொல்லின் பின்னால் ஒட்டும். "தபேதெ மிரு" என்றால் சாப்பிட்டுப் பார். "தபேதெ ஷிமாவு" என்றால் சாப்பிட்டுவிடு. "கத்தெ ஒகு" என்றால் வாங்கி வை. ஆங்கிலத்தில் அரைப் பக்கம் விளக்க வேண்டிய இந்த இலக்கணத்தைத் தமிழ்ப் பிள்ளை ஒரு நிமிஷத்தில் பிடித்துக்கொள்ளும்.

கேள்விக்குப் பதில் சொல்வதும் அப்படியே. "வரலையா?" என்றால் நாம் "ஆமா, வரல" என்போம். ஜப்பானியரும் "ஹாய்" என்று ஆமோதித்துவிட்டுத்தான் வரவில்லை என்பார்கள். ஆங்கிலப் பழக்கம் உள்ள பிள்ளைதான் இங்கே தடுமாறும்.

ஆனால் தமிழ் வழுக்கிவிடும் இடங்களும் உண்டு. அவற்றை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

*நி, தெ:* இரண்டுக்கும் தமிழில் "இல்" வந்துவிடும். பள்ளியில் இருக்கிறேன் என்றால் "நி". பள்ளியில் படிக்கிறேன் என்றால் "தெ". சும்மா இருப்பதற்கு ஒன்று, வேலை நடப்பதற்கு ஒன்று என்று சொல்லி, தினமும் இரண்டு வாக்கியம் எழுதவையுங்கள்.

*இமாஸ், அரிமாஸ்:* இரண்டுக்கும் "இருக்கிறது" என்றுதான் பொருள். உயர்திணை, அஃறிணை என்று விளக்கினால் பாதிதான் சரி. ஜப்பானியத்தில் பிரிவு உயிரோடு அசைவதா இல்லையா என்பதில். மாடும் நாயும் நமக்கு அஃறிணை, அங்கே "இமாஸ்". எங்கள் வகுப்பில் இது பதிந்தது மீனை வைத்துத்தான். கடலில் ஓடும் மீன் "இமாஸ்". ஏலக்கூடத்தில் கூடையில் கிடக்கும் மீன் "அரிமாஸ்". ஒரு பையன் உடனே கேட்டான்: "வலையில துடிச்சிட்டிருந்தா, சார்?" துடிக்கும்வரை "இமாஸ்" என்றேன். அதற்குப் பிறகு யாரும் தப்பு செய்யவில்லை.

*ஜப்பானியத்தைத் தமிழ் எழுத்தில் எழுதிவைக்கும் பழக்கம்:* இந்தக் கட்டுரையில் நான் எழுதுவது உங்கள் வசதிக்கு. பிள்ளைகளின் நோட்டில் மூன்றாவது வாரத்துக்குப் பிறகு இதை அனுமதிக்கவே அனுமதிக்காதீர்கள். "ககி" என்று எழுதினால் அது சிப்பியா, சாவியா? முதலில் வல்லொலி, இரண்டாவதில் மெல்லொலி, ஆனால் நம் "க" இரண்டுக்கும் ஒன்றே. "கிதெ" என்றால் வந்து, "கித்தெ" என்றால் தபால்தலை. வல்லொலி வேண்டுமே என்று பிள்ளை இரண்டையும் "கித்தெ" என்றே எழுதிவைக்கும், தேர்வில் கேட்கும்போது வித்தியாசம் தெரியாது. இதற்கு மாறாக, குறில் நெடிலில் நம்மை யாரும் அசைக்க முடியாது. "ஒபசான்" என்றால் அத்தை, நடுவில் நீட்டி "ஒபாசான்" என்றால் பாட்டி. இதைத் தனியாக நடத்தி நேரத்தை வீணாக்காதீர்கள்.

சொற்களை ஊரிலிருந்தே தொடங்குங்கள். கடல் "உமி", அலை "நமி", படகு "ஃபுனே", வலை "அமி", இறால் "எபி", நண்டு "கனி", கணவாய் "இகா". பாடப்புத்தகம் பனியையும் ரயில் நிலையத்தையும் கொண்டுவருவதற்குள் இவை வாயில் ஏறியிருக்கும். கதகானாவுக்குப் பிள்ளைகளின் பெயர், ஊர்ப்பெயர், அவர்கள் வீட்டுப் படகின் பெயர் போதும்.

7. புத்தகமும் செலவும்

"இரோதொரி" ஜப்பான் அறக்கட்டளையின் பாடநூல். பிடிஎஃப்பும் ஒலிப்பதிவும் இணையத்தில் இலவசம். தொடக்கநிலை ஒரு புத்தகம், அதற்கு மேல் இரண்டு, ஒவ்வொன்றிலும் 18 பாடம். பேச்சுக்கு இது. ஜப்பானுக்கு வேலைக்குப் போகும் பெரியவர்களை மனதில் வைத்து எழுதியது என்பதால் சில பாடங்களைத் தாண்டிப் போகலாம். இலக்கண ஒழுங்குக்கு "மின்னா நொ நிஹொங்கொ". 50 பாடத்தில் முதல் 25 என்5 அளவுக்கு, மீதி என்4 அளவுக்கு. ஆளுக்கொரு புத்தகம் வேண்டாம், வகுப்புக்கு இரண்டு பிரதி போதும்.

எழுத்துப் பயிற்சிக்குச் சின்னப் பிள்ளைகள் வாங்கும் கட்டம் போட்ட கணக்கு நோட்டே சரி. நோட்டும் நகலும் சேர்த்து ஒரு பிள்ளைக்கு வருஷத்துக்கு 500 ரூபாய்க்குள் முடியும். ஒரு நல்ல ஸ்பீக்கர் வேண்டும், சார்ஜில் ஓடுவதாக. கரண்ட் போகும், காற்றும் இரைச்சலும் ஜன்னல் வழியே வரும். கேட்டல் பயிற்சிக்குக் காற்றுப் படாத பக்கத்து அறையைக் கேளுங்கள்.

8. தேர்வு விண்ணப்பம்: பெயரில்தான் ஆபத்து

நமக்கு அருகிலுள்ள மையம் சென்னை. அங்கே தேர்வை நடத்துவது ஏபிகே-ஏஓடிஎஸ் தோசோகாய் என்ற அமைப்பு. ஜூலைத் தேர்வுக்கான பதிவு பொதுத்தேர்வுக் காலத்தை ஒட்டி வரும். அந்த நேரத்தில் பிள்ளையையும் பிடிக்க முடியாது, பெற்றோரையும் பிடிக்க முடியாது. பிப்ரவரிக்குள் போட்டோ, அடையாள அட்டை நகல் எல்லாவற்றையும் வாங்கிவைத்துவிடுங்கள். இடங்கள் தீர்ந்துபோகும், கடைசி நாள்வரை காத்திருக்க வேண்டாம்.

கட்டணம் நிலைக்கு நிலை மாறும், அந்தந்த வருஷ அறிவிப்பைப் பாருங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். அந்த 61 நாளும் விசைப்படகை நம்பிய வீடுகளில் பணம் புழங்காது. அதனால் நவம்பரிலிருந்தே வாரம் 50 ரூபாய் என்று பிள்ளையின் பெயரில் அஞ்சலகத்தில் போட்டுவரச் சொல்லுங்கள். பணத்தை நீங்கள் வாங்கிவைக்காதீர்கள், அரசுப் பள்ளி வளாகத்தில் அது வீண் வம்பு.

அடுத்தது இனிஷியல். ஆதாரில் "மு. செல்வி" இருக்கும், பள்ளிச் சான்றில் "செல்வி மு", பிறப்புச் சான்றில் அப்பா பெயர் முழுசாக. ஜேஎல்பிடி சான்றிதழுக்குக் காலாவதி கிடையாது. நாளைக்கு விசாவுக்கு அதை நீட்டும்போது பாஸ்போர்ட்டில் உள்ள பெயரோடு ஒத்துப்போக வேண்டும். முடிந்தால் பாஸ்போர்ட் முதலில். நம் ராமநாதபுரம் மாவட்டம் மதுரை மண்டல பாஸ்போர்ட் அலுவலகத்தின் கீழ் வருகிறது. 18 வயதுக்குக் கீழே கட்டணம் 1,000 ரூபாய். 15 வயது நிறைந்தவர்கள் 1,500 கட்டிப் பத்து வருஷத்துக்கே எடுக்கலாம்.

9. மதிப்பெண் கணக்கு

என்5-இல் மொத்தம் 180. தேர்ச்சிக்கு 80. அதோடு மொழியறிவும் வாசிப்பும் சேர்ந்த 120-இல் 38, கேட்டலில் 60-க்கு 19 குறையாமல் வர வேண்டும். மொத்தம் 110 வாங்கி, கேட்டலில் 18 வந்தாலும் தோல்விதான். என்4-க்கு மொத்தம் 90, மற்றவை அதே. பேச்சும் கட்டுரையும் கிடையாது, எல்லாம் வட்டத்தை நிரப்புவது. தவறான விடைக்கு மதிப்பெண் கழிப்பதில்லை என்பதால் எதையும் காலியாக விடக்கூடாது. என்5-க்கு நேரம் 20, 40, 30 நிமிஷம் என்று மூன்று பகுதி. ஏப்ரலிலிருந்து வாரம் ஒரு முழுச் சோதனை, கடிகாரம் வைத்து.

10. ஏஜெண்டுகள்

வகுப்பு நடக்கிறது என்று தெரிந்ததும் ஜப்பானில் வேலை என்று சொல்லிக்கொண்டு யாராவது வருவார்கள். வளாகத்துக்குள் விடாதீர்கள். "தொகுதெய் கினோ" எனப்படும் திறன் பணியாளர் விசா உண்மையானதுதான், அதில் மீன்பிடித் தொழிலும் ஒரு துறை. ஆனால் 18 வயது முடிந்திருக்க வேண்டும். என்4 தேர்ச்சியோ ஜப்பான் அறக்கட்டளையின் ஜேஎஃப்டி-பேசிக் என்ற மொழித் தேர்வில் 250-க்கு 200-ஓ வேண்டும், துறைத் தேர்வும் தனியாக உண்டு. மொழி தெரியாமலே அனுப்புகிறேன் என்பவரை அந்த இடத்திலேயே வழியனுப்புங்கள். ஏஜெண்ட் உரிமம் உள்ளவரா என்பதை வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைகிரேட் தளத்தில் பார்க்கலாம். அவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்துக்குச் சட்டப்படி 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான் உச்சவரம்பு. லட்சக்கணக்கில் கேட்டால் கணக்கு இடிக்கிறது.

11. சென்னைக்குப் போகும்போது

ரயில் முன்பதிவு 60 நாள் முன்னால் திறக்கும், அன்றைக்கே போடுங்கள். தேர்வு ஞாயிறு என்றால் சனி இரவு ரயிலில் ஏற்றாதீர்கள். வெள்ளி இரவு கிளம்பினால் சனி முழுக்க ஓய்வு, தேர்வு மையத்தையும் ஒருமுறை பார்த்துவைக்கலாம். டிசம்பரில்தான் எழுதியாக வேண்டும் என்ற நிலை வந்தால் இன்னும் ஒரு நாள் சேர்த்துக்கொள்ளுங்கள். காற்று கூடினால் பாம்பன் பாலத்தில் ரயிலை நிறுத்திவிடுவார்கள். 2023 டிசம்பர் முதல் வாரத்தில் மிக்ஜாம் புயல் சென்னையையே முடக்கிப்போட்டது. பெண் பிள்ளைகள் போனால் ஒரு ஆசிரியையோ ஒரு அம்மாவோ கட்டாயம் கூட வர வேண்டும், அவருக்கும் சேர்த்து டிக்கெட் போடுங்கள்.

கையில் இருக்க வேண்டியவை: தேர்வு அனுமதிச் சீட்டு, அசல் அடையாள அட்டை, எச்பி பென்சில் மூன்று, ரப்பர், கைக்கடிகாரம். போனை மையத்துக்குள் கொண்டுபோகாமல் துணைக்கு வந்தவரிடம் கொடுத்துவிடட்டும். கேட்டல் பகுதி தொடங்கியபின் வந்தால் உள்ளே விட மாட்டார்கள், இடைவேளையில் டீக்கடை பக்கம் போகவே கூடாது.

ஜூலைத் தேர்வின் முடிவு ஆகஸ்ட் கடைசியில் இணையத்தில் வரும், டிசம்பர்த் தேர்வுக்கு ஜனவரி கடைசி. காகிதச் சான்றிதழ் அதற்குச் சில வாரம் கழித்து வரும். முடிவைப் பார்க்கப் பதிவு எண்ணோடு ஒரு கடவு எண்ணும் கேட்கும், அது அனுமதிச் சீட்டில்தான் இருக்கிறது. தேர்வு முடிந்ததும் பிள்ளைகள் அதைத்தான் முதலில் தொலைக்கிறார்கள். ஊரிலிருந்து கிளம்பும் முன்பே எல்லாச் சீட்டையும் உங்கள் போனில் படம் எடுத்துவைத்துக்கொள்ளுங்கள்.